பிறர் பெயரில் எழுதப்பட்ட வெற்றிகள்: பேஸ்பால் பயிற்சியாளர் ஜானி செயின்

நல்லாசிரியருக்கு இலக்கணம் வகுத்த நன்னூல், ஆசிரியர் ஆகாதாருக்கும் உவமை கூறத் தவறவில்லை. தானாகப் பழம் உதிர்த்தாலன்றிப் பிறர் ஏறிப் பறிக்க இடங்கொடாத மடற்பனை அவ்வுவமைகளுள் ஒன்று. கலையாயினும் விளையாட்டாயினும் பெரும் ஆற்றல் வாய்ந்தோர் பலர் இந்த மடற்பனை போன்றோரே. தமக்கு எளிதாய் வந்தது பிறருக்கு ஏன் வரவில்லை என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. இயல்பாக வாராததை முயன்று தேடி, தேடிய வழியையும் நினைவில் வைத்திருப்பவரே பெரும்பாலும் பிறருக்கு வழிகாட்ட வல்லவராகிறார். அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றில் இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்பவர் ஜானி செயின் என்னும் பந்து வீச்சாளர்.

அவ்விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுவோர் ஒன்பது பேராயினும், ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பந்து வீச்சாளரின் பெயரிலேயே ஏட்டில் எழுதப்படும். மேட்டின்மேல் நின்று அறுபதரை அடித் தொலைவிலுள்ள மட்டையாளரை நோக்கிப் பந்தெறியும் அவரே ஆட்டத்தின் அச்சாணி. ஒரு பருவத்தில் 20 வெற்றிகளைப் பெறுவது சிறந்த வீச்சாளர் என்பதற்கு நெடுங்காலம் அளவுகோலாக விளங்கியது. செயின் அச்சிறப்பை நான்கு முறை பெற்றார். ஆனால் அவர் பயிற்சியாளரான பின்னர் அவரிடம் பயின்றோர் அதனைப் பதினாறு முறை பெற்றனர். முன்னைய நான்கும் அவர் பெயரில் உள்ளன. பின்னைய பதினாறில் அவர் பெயர் எங்கும் இல்லை.

வேகம் இல்லாத கை

1917 செப்டம்பர் 25 அன்று ஆர்கன்சா மாநிலத்தின் ஹவானா என்னும் சிற்றூரில் செயின் பிறந்தார். தந்தையார் மோட்டார் வாகனங்களைப் பழுது பார்க்கும் தொழிலாளி. உள்ளூரில் பந்து வீசுபவரும் ஆவார். வளைபந்தின் முதற் பாடம் மகனுக்குத் தந்தையிடமிருந்தே கிடைத்தது. 1936-இல் கீழ்நிலை லீக் ஒன்றில் ஆடத் தொடங்கிய செயின், மேல்நிலை லீக்கின் வாயிலை அடைய ஆறு ஆண்டுகள் ஆயின. அவரிடம் இயற்கை வேகம் இல்லை என்பதே அணியினர் கண்ட குறை. பந்து வீச்சாளரைத் தேடுவோர் முதலில் நாடுவது வேகப்பந்தையே. அது இல்லாதவருக்குக் கீழ்நிலை லீக்குகளிலேயே காலம் கழிந்து போவது வழக்கம்.

1942-இல் போஸ்டன் பிரேவ்ஸ் அணியில் இடம் கிடைத்தது. ஒரு பருவம் முடிந்ததும் போர் அழைத்தது. கடற்படையில் சேர்ந்து விமானி ஆவதற்கான பயிற்சி பெற்ற செயின், மூன்று பருவங்களை இழந்தார். அவ்விடைக்காலத்தில் 1943 ஜூலை 28 அன்று யாங்கீ அரங்கில் நடந்த நன்கொடை ஆட்டம் ஒன்றில் கடற்படைப் பயிற்சியாளர் அணிக்காகப் பந்து வீசினார். எதிரணியின் மேலாளராக வந்திருந்த பேப் ரூத், 48 வயதில் மட்டையுடன் களமிறங்கி அவரை எதிர்கொண்டார்.

1946-இல் அவர் திரும்பி வந்தபோது வயது 28. வேகம் கூடவில்லை, ஆனால் வளைபந்து ஒன்று பலவாகியிருந்தது. மேலிருந்து, பக்கத்திலிருந்து, இடைப்பட்ட கோணங்களிலிருந்து, வேகத்தை மாற்றி மாற்றி அவர் அதனை வீசினார். மட்டையாளர் வேகப்பந்தை எதிர்பார்த்து நிற்கும் நேரத்தில் வளைபந்து வந்தது. அந்தப் பருவத்தில் 20 வெற்றிகளும், 1947-இல் 21 வெற்றிகளும், 1948-இல் 24 வெற்றிகளும் பெற்றார். எந்தப் பந்தை எப்பொழுது எதற்காக எறிகிறோம் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. பின்னாளில் கற்பிக்க அவரிடம் இருந்த முதல் இந்தக் கட்டாயத்தில் சேர்த்ததே.

இரண்டு நாள்கள்

1947 ஏப்ரல் 15 பேஸ்பால் வரலாற்றில் மட்டுமின்றி அமெரிக்கச் சமூக வரலாற்றிலும் இடம்பெற்ற நாள். கறுப்பின வீரர்களுக்கு மேல்நிலை லீக்குகளில் அறுபதாண்டுகளுக்கு மேலாக அடைபட்டுக் கிடந்த கதவு, அன்று புரூக்ளின் நகரின் எபெட்ஸ் ஃபீல்டு அரங்கில் ஜாக்கி ராபின்சன் வழியே திறந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக மட்டை பிடித்த அவருக்கு முதற் பந்தை எறிந்தவர் செயின். முதல் முறை ராபின்சன் ஆட்டமிழந்தார். ஆயினும் ஏழாம் இன்னிங்ஸில் அவர் தட்டிய பந்தைப் பிரேவ்ஸ் தடுப்பாளர் தவறாக எறிய, அவர் தளங்களைக் கடந்து ஓட்டம் பெற்றார். ஆட்டத்தை 5-3 என்று டாட்ஜர்ஸ் வென்றது. தோல்வி செயின் பெயரில் எழுதப்பட்டது.

1948 அவர் ஆட்ட வாழ்வின் உச்சம். 1914-க்குப் பின் கோப்பை காணாத போஸ்டன் பிரேவ்ஸ், அவ்வாண்டு தேசிய லீக்கை வென்றது. இடக்கை வீச்சாளர் வாரன் ஸ்பான், வலக்கை வீச்சாளர் செயின் ஆகிய இருவர் தோள்களிலும் செப்டம்பர் மாதம் முழுவதும் சுமை தங்கியது. அவ்விருவரையும் மழையையும் இணைத்து 'போஸ்டன் போஸ்ட்' நாளிதழில் ஜெரால்டு ஹெர்ன் எழுதிய சிறு செய்யுள் நாடெங்கும் பரவிப் பழமொழி போல நிலைத்துவிட்டது.

அந்த அக்டோபர் 6 அன்று உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் செயினை எதிர்த்து வீசியவர், அக்காலத்தின் மிக வேகமான வீச்சாளர் என்று புகழ்பெற்ற கிளீவ்லாந்து அணியின் பாப் ஃபெல்லர். எட்டாம் இன்னிங்ஸில் இரண்டாம் தளத்தில் பிரேவ்ஸ் வீரர் ஃபில் மாசி ஆட்டமிழந்ததாகவே ஃபெல்லர் தரப்பினர் கருதினர். நடுவர் அதை ஏற்கவில்லை. அடுத்து டாமி ஹோம்ஸ் அடித்த பந்தில் மாசி ஓடி வந்து பெற்ற ஓட்டமே ஆட்டத்தின் ஒரே ஓட்டம். வேகத்துக்குப் பேர்போன கை இரண்டே அடிகளை விட்டுக்கொடுத்துத் தோற்றது. வேகமற்ற கை நான்கு அடிகளை விட்டுக்கொடுத்து வென்றது. நான்காம் ஆட்டத்தில் செயின் 2-1 என்று தோற்றார். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் கொடுத்தவை இரண்டே ஓட்டங்கள். தொடரைக் கிளீவ்லாந்து வென்றது.

அதே ஆண்டின் இடையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. பள்ளிப் படிப்பை அப்பொழுதுதான் முடித்த ஜானி ஆன்டனெல்லி என்னும் இளைஞரைப் பிரேவ்ஸ் நிர்வாகம் 50 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட முன்பணம் கொடுத்து அணியில் சேர்த்தது. இரண்டு பருவங்களாக அணியைத் தாங்கி வந்த செயின் இதனைப் பொறுக்கவில்லை. தம் ஒப்பந்தத்தைத் திருத்தக் கோரி, பருவத்தின் நடுவிலேயே அதனைப் பெற்றார். ஆட்டக்காரருக்கு அணியை மாற்றும் உரிமையே இல்லாத காலம் அது. உழைப்பின் மதிப்பை உழைப்பவனே கேட்டுப் பெறவேண்டும் என்ற இந்த எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. பின்னர் அதற்கு அவர் விலையும் கொடுத்தார்.

மாணவராகிய ஆசிரியர்

1949-இல் 17 தோல்விகள் கண்டார். 1950-இல் மீண்டும் 20 வெற்றிகள் பெற்றாலும் கை தளர்வது தெரிந்தது. 1951 ஆகஸ்டு இறுதியில் பிரேவ்ஸ் அவரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கொடுத்து, 50 ஆயிரம் டாலரையும் லூ பர்டெட் என்னும் இளம் வீச்சாளரையும் பெற்றுக்கொண்டது. 1957 உலகத் தொடரில் அதே யாங்கீஸ் அணியை மூன்று முறை வீழ்த்தியவர் அந்த பர்டெட்.

யாங்கீஸ் அணியில் செயின் ஆட்டத்தைத் தொடங்குபவராகவும், இறுதிக் கட்டத்தில் வந்து வெற்றியைக் காப்பவராகவும் இரு நிலைகளிலும் பணியாற்றினார். 1951, 1952, 1953 ஆகிய மூன்றாண்டுகளும் அவ்வணி உலகத் தொடரை வென்றது. 1955-இல் கான்சாஸ் சிட்டி அணியோடு அவர் ஆட்ட வாழ்வு நிறைவுற்றது. மொத்தம் 139 வெற்றிகள், 116 தோல்விகள். நல்ல கணக்கே, ஆயினும் புகழ்மண்டபத்துக்குப் போதாதது.

1959-இல் கான்சாஸ் சிட்டியில் ஓராண்டு பயிற்சியாளராக இருந்தபின், 1961-இல் புதிய மேலாளர் ரால்ஃப் ஹௌக் அழைப்பின்பேரில் யாங்கீஸ் அணியின் வீச்சுப் பயிற்சியாளரானார். பேஸ்பாலில் களத்தின் முழு அதிகாரமும் மேலாளருக்கே உரியது. பயிற்சியாளர் அவருக்குக் கீழ்ப்பட்டவர். இந்த அமைப்பை நினைவில் கொண்டால்தான் பின்னர் நேர்ந்தவை விளங்கும்.

அக்காலப் பயிற்சி என்பது பெரும்பாலும் ஓட்டப் பயிற்சியே. கால் வலுத்தால் வீச்சு வலுக்கும் என்ற நம்பிக்கையில் வீச்சாளர்களை மைதானத்தின் எல்லையில் நாள்தோறும் ஓடவிட்டனர். ஆட்டமில்லாத நாள்களில் கைக்கு ஓய்வே மருந்து என்றனர். செயின் இரண்டையும் ஏற்கவில்லை. பந்தை எறிவது கை; எறிவதனாலேயே அது உரம் பெறும்; ஆகவே ஆட்டங்களுக்கு இடைப்பட்ட நாள்களிலும் மிதமாக வீசுங்கள் என்பது அவர் கொள்கை.

பந்தின் சுழற்சியைக் கற்பிக்க அவர் ஓர் எளிய கருவியைக் கையாண்டார். பந்தின் நடுவே கம்பி ஒன்றைச் செருகி, விரல்களால் அதனைச் சுழற்றச் செய்வார். சுழற்சியின் அச்சு எப்பக்கம் சாய்ந்தால் பந்து எப்பக்கம் திரும்பும் என்பது கண்முன் தெரியும். இவ்வாறு செய் என்று ஆணையிடுவது அவர் இயல்பன்று. ஒருவருடைய வீச்சைப் பல நாள் பார்த்திருந்து, இதையும் முயன்று பார்க்கலாமே என்று ஒரு சொல் சொல்வார். தன்னம்பிக்கை ஊட்டும் நூல்களைத் தருவார். சரிவில் இருப்பவரிடம் சரிவைப் பற்றிப் பேசமாட்டார்.

பலன் உடனே தெரிந்தது. வைட்டி ஃபோர்டு அதற்குமுன் ஒரு பருவத்திலும் 20 வெற்றிகளை எட்டியதில்லை. முக்கிய எதிரணிகளுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டு, சீரற்ற இடைவெளிகளில் வீசி வந்தவர் அவர். 1961-இல் அவருக்கு ஒழுங்கான முறை வகுக்கப்பட்டது. 39 ஆட்டங்களைத் தொடங்கி 25 வெற்றிகளும் 4 தோல்விகளும் பெற்றார். ரால்ஃப் டெர்ரி 1960 உலகத் தொடரின் கடைசிப் பந்தில் தோல்வியைச் சந்தித்து நாடறியத் தலைகுனிந்தவர். 1962-இல் அவர் 23 ஆட்டங்களை வென்றதோடு, உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தையும் 1-0 என்று வென்றார். 1963-இல் ஃபோர்டு 24, ஜிம் பௌட்டன் 21. மூன்று ஆண்டுகளும் யாங்கீஸ் தன் லீக்கை வென்றது. ஆயினும் 1963 முடிவில் செயின் அங்கே இல்லை.

வென்ற இடந்தோறும் விலக்கம்

1965-இல் அவர் மினசோட்டா ட்வின்ஸ் அணிக்கு வந்தார். அவ்வாண்டே அந்த அணி மினசோட்டாவுக்கு முதன்முறையாக லீக் கோப்பையைப் பெற்றுத் தந்தது. செயினிடம் விரைந்து திரும்பும் வளைபந்தைக் கற்றுக்கொண்ட ஜிம் 'மட்கேட்' கிராண்ட் 21 வெற்றிகள் பெற்றார். அமெரிக்கன் லீக்கில் 20 வெற்றிகளை எட்டிய முதல் கறுப்பின வீச்சாளர் கிராண்ட். 1947-இல் எபெட்ஸ் ஃபீல்டில் திறந்த கதவின் எதிர்ப்புறத்தில் பந்துடன் நின்றவர், பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே வழியில் வந்த ஒருவருக்கு ஆசிரியராக நின்றார்.

1966-இல் ஜிம் காட் 25 ஆட்டங்களை வென்றார். அந்தப் பருவம் முடிந்ததும் மேலாளர் சாம் மீலுடன் இருந்த பிணக்கால் செயின் விலக்கப்பட்டார். தம் வெற்றியின் உச்சத்தில் இருந்த காட், தாம் ஆடும் அணியின் முடிவைக் கண்டித்துச் செய்தித்தாள் வழியே வெளிப்படையான மடல் ஒன்றை எழுதினார். தம் ஊதியமும் எதிர்காலமும் நிர்வாகத்தின் கையிலிருந்த காலத்தில் ஆட்டக்காரர் ஒருவர் இவ்வாறு எழுதுவது எளிதன்று. ஓர் ஆசிரியருக்கு மாணவர் அளித்த சான்றிதழ்களுள் இது தலையாயது எனலாம்.

1967-இல் டெட்ராய்ட் டைகர்ஸ். அவ்வாண்டு ஏர்ல் வில்சன் 22 வெற்றிகள். 1968-இல் டென்னி மெக்லெய்ன் 31 வெற்றிகள். 1934-இல் டிசி டீன் 30 ஆட்டங்களை வென்றபின் எவரும் தொடாத எல்லை அது. மெக்லெய்னுக்குப் பின்னரும் எவரும் அதனைத் தொடவில்லை. டெட்ராய்ட் 1945-க்குப் பின் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. தொடரில் மூன்று ஆட்டங்களை வென்றவர் மிக்கி லோலிச். 1969 ஆகஸ்டில், மெக்லெய்ன் மீண்டும் 24 வெற்றிகளை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பருவத்தின் நடுவிலேயே, மேலாளர் மேயோ ஸ்மித்துடன் ஏற்பட்ட பிணக்கால் செயின் பணி இழந்தார்.

வெற்றியைக் கொண்டு வந்தவர் ஏன் நிலைக்கவில்லை? அவருடைய உறவு முதலில் வீச்சாளர்களோடு; மேலாளரோடு இரண்டாவதாகத்தான். வீச்சாளர்களை ஓடவிடும்படி மேலாளர் கூறினால் அவர் இணங்கமாட்டார். வீச்சாளர்களின் பழக்கத்தில் பிறர் குறுக்கிடுவதை விரும்பமாட்டார். நல்ல பருவம் ஒன்றை முடித்தவரிடம், நிர்வாகியின் அறைக்குப் படியேறிச் சென்று ஊதிய உயர்வு கேள் என்று சொல்லி அனுப்புவார். 1948-இல் தாம் செய்ததையே மற்றவர்க்கும் கற்பித்தார். அணி என்னும் அரசுக்குள் வீச்சாளர் என்னும் சிற்றரசு உருவாவதை எந்த மேலாளரும் நெடுங்காலம் பொறுப்பதில்லை. மேலாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: தோல்விக்குப் பொறுப்பேற்பவர் அவர், அதிகாரம் இரண்டாகப் பிரிந்தால் அணி நடவாது. செயின் இந்த நியாயத்தை அறியாதவர் அல்லர்; தம் பக்கத்தைத் தேர்ந்துகொண்டவர். பௌட்டன் 1970-இல் வெளியிட்ட 'பால் ஃபோர்' என்ற நாட்குறிப்பு நூல், பேஸ்பால் உலகின் பெரிய மனிதர் பலரை எள்ளி நகையாடியது. செயினைப் பற்றி மட்டும் மதிப்போடு பேசியது.

சிகாகோவில் ஒரு சோதனை

அவருடைய வெற்றிகளைக் குறைத்து மதிப்பிட இடமுண்டு. அவர் பணியாற்றிய யாங்கீஸும் டைகர்ஸும் முன்பே வலிமை வாய்ந்தவை. 1963 முதல் 1968 வரை ஆட்ட விதிகளே வீச்சாளர்க்குச் சாதகமாக இருந்தன. 1969-இல் வீச்சு மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. வீச்சாளர் பெயரில் எழுதப்படும் வெற்றியும் அவருடைய அணி எடுக்கும் ஓட்டங்களைப் பொறுத்ததே.

இவ்வையங்களுக்கு விடை சிகாகோவில் கிடைத்தது. 1970-இல் 106 ஆட்டங்களில் தோற்ற ஒயிட் சாக்ஸ் அணிக்கு 1971-இல் செயின் வந்தார். மேட்டின் உயரம் குறைந்துவிட்ட காலம், அணியும் நலிந்தது. மேலாளர் சக் டானர் வீச்சாளர்களை அவர் பொறுப்பிலேயே விட்டார். வில்பர் வுட் அதுவரை இறுதிக் கட்டத்தில் வந்து வீசுபவர். சுழலாமல் மிதந்து வந்து கடைசி நொடியில் தடுமாறும் நக்கிள் பந்தே அவர் படைக்கலம். அவ்வகைப் பந்து கையை அதிகம் வருத்தாது என்பதால் அவரை ஆட்டத்தைத் தொடங்குபவராக மாற்றி, இரண்டே நாள் ஓய்வில் மீண்டும் மீண்டும் களமிறக்கினர். 1972-இல் வுட் 49 ஆட்டங்களைத் தொடங்கி, 376 இன்னிங்ஸ்களுக்கு மேல் வீசினார். 1971 முதல் 1974 வரை நான்கு பருவங்களும் 20 வெற்றிகளை எட்டினார். ஸ்டான் பான்சனும் 1972-இல் 21 வெற்றிகள் பெற்றார்.

மடல் எழுதிய மாணவரும் இங்கே திரும்பி வந்தார். 1973 ஆகஸ்டில் ட்வின்ஸ் அணி ஜிம் காட்டை வேண்டாமென்று விட்டது. வயது 34, முடிந்துபோன வீச்சாளர் என்றே பலர் எண்ணினர். சிகாகோவில் செயின் அவருடைய வீச்சின் முன்னசைவைச் சுருக்கினார். மட்டையாளர் ஆயத்தமாகும் முன்பே பந்து வந்து சேர்ந்தது. 1974-இல் 21 வெற்றிகள், 1975-இல் 20. காட் 1983 வரை ஆடி 283 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். பயின்றோர் ஒன்பது பேர், 20 வெற்றிப் பருவங்கள் பதினாறு என்ற கணக்கு இவ்வாறு நிறைவுற்றது.

விதை சென்ற வழி

1977-இலும் 1985, 1986 ஆகிய ஆண்டுகளிலும் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியில் செயின் பயிற்சியாளராக இருந்தார். போஸ்டனை விட்டுப் புறப்பட்ட அவருடைய பழைய அணியே மில்வாக்கி வழியாக அட்லாண்டாவை அடைந்திருந்தது. பெரும் வெற்றிகள் அப்பொழுது வரவில்லை. ஆனால் அவ்வமைப்பின் கீழ்நிலை அணிகளில் பணியாற்றிய லியோ மசோனி என்னும் இளம் பயிற்சியாளர் அவருடைய முறையை ஊன்றிக் கற்றார். மசோனி மேல்நிலை லீக்கில் ஒருமுறையும் வீசியவர் அல்லர்.

1990 முதல் 2005 வரை அட்லாண்டா அணியின் வீச்சுப் பயிற்சியாளராக இருந்த மசோனி, ஆட்டங்களுக்கு இடையே இருமுறை மிதமாக வீசச் செய்யும் பழக்கத்தை நிலைநாட்டினார். டாம் கிளாவின், கிரெக் மேடக்ஸ், ஜான் ஸ்மோல்ட்ஸ் ஆகிய மூவரும் அப்பழக்கத்தில் வளர்ந்தனர். 1991 முதல் 1998 வரை சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதை அட்லாண்டா வீச்சாளர்கள் ஆறு முறை பெற்றனர். இம்முறையின் மூலவர் செயினே என்று மசோனி வெளிப்படையாகக் கூறி வந்தார்.

2006 நவம்பர் 7 அன்று, 89 வயதில், இல்லினாய் மாநிலத்தின் டவுனர்ஸ் குரோவ் நகரில் செயின் காலமானார். அவருக்காக மடல் எழுதிய காட் 2022-இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். ஃபோர்டு, கிளாவின், மேடக்ஸ், ஸ்மோல்ட்ஸ் ஆகியோர் முன்பே அங்கிருந்தனர். பயிற்சியாளர்களுக்கென்று தனிப் பிரிவு அம்மண்டபத்தில் இல்லை.

பதவியில் நிலைப்பதற்கு மேலே உள்ளோரின் அன்பு வேண்டும். ஆசிரியராக நிலைப்பதற்குக் கீழே நிற்போரின் நம்பிக்கை வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெறுவது அரிது. ஒன்றைத் தேர வேண்டிய நிலை வந்தபோதெல்லாம் செயின் தேர்ந்தது ஒன்றையே. அவர் இழந்த பதவிகளின் பட்டியலும், அவர் உருவாக்கிய வீச்சாளர்களின் பட்டியலும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.